அலை பெருசா இருக்குதுங்களா?

ஊர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, அலை பெரிதாக இருக்க வேண்டும். பொங்கல் லீவுக்குச் சூலூர் மாசாணியம்மாள் போட்டுக்கொண்ட நிபந்தனை அது ஒன்றுதான்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் பொங்கலுக்கு அவள் போய்வந்த ஒரே ஊர் பழனி. அவள் புருஷன் திருமூர்த்தி நாலு விசைத்தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறவர். பொங்கலுக்குத் தறி நிற்கும் அந்த ஒரு வாரத்தில் அவருடைய பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து வேன் பிடிப்பார்கள். அந்த வேனுக்கு வேறு வழியே தெரியாது. வருஷா வருஷம் மாசாணி, "ஏனுங்க, ஒருக்கா கடலுக்குப் போலாமுங்க" என்பாள். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்பார் அவர். முருகன்மேல் அவளுக்கு ஒரு கோபமும் கிடையாது. மலை ஏறி ஏறி இறங்கியவளுக்கு ஒரு தடவையாவது தண்ணீரில் இறங்க ஆசை, அவ்வளவுதான்.

இந்தத் தீபாவளிக்கு வயிறு நிறைந்த சந்தோஷத்தில் அந்த மனுஷனே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "இந்தப் பொங்கலுக்கு உன்ற முறை. நீ எந்த ஊர் சொல்றியோ அந்த ஊரு. வேனுக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்குள்ள சொல்லிப்போடு. இல்லீன்னா பழனிதான்." பட்டாசுச் சத்தத்தில் சொன்னதெல்லாம் கணக்கில்லை என்று மறுநாள் நழுவப் பார்த்தார். பத்து வயது மகள் யுவஸ்ரீ சாட்சி சொல்லி அமுக்கிவிட்டாள்.

அந்த வருஷம்தான் அவர்கள் தெருவுக்குக் கேபிள் வந்திருந்தது. ஒரு மத்தியானம் சாப்பிட்டபடி சேனலை மாற்றிக்கொண்டிருந்த மாசாணி, கை காய்வதுகூடத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வெள்ளைக்காரப் பெண், இவள் வயதுதான் இருக்கும், பலகை ஒன்றின்மேல் படுத்துக் கடலுக்குள் போனாள். பெரிய அலை ஒன்று வந்ததும் பலகைமேல் எழுந்து நின்றாள். கரை வரைக்கும் நின்றபடியே வந்து, டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி இறங்கிப் போனாள்.

இது தனக்குத் தெரிந்த வித்தை என்று தோன்றியது மாசாணிக்கு. ஏனென்றால் அவளும் நின்றிருக்கிறாள். ஆனைமலைப் பக்கம் அவள் பிறந்த ஊரில் வாய்க்காலுக்குத் தண்ணீர் விட்டால், குலை வெட்டிய வாழைமரம் இரண்டை மூங்கில் குச்சி செருகிச் சேர்த்து, பிள்ளைகள் அதன்மேல் ஏறி நிற்பார்கள். மற்றதெல்லாம் வளைவிலேயே கவிழ்ந்துவிடும். மாசாணி மட்டும் வளைவு தாண்டியும் நின்றுகொண்டே போவாள். பெரியவளானதும், பொட்டப்பிள்ளைக்கு என்ன ஆட்டம் என்று இறக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் அவளை யாரும் எதன்மேலும் ஏற்றி நிறுத்தவில்லை.

யுவஸ்ரீயின் பள்ளிக்கூட அட்லஸை விரித்து, நீலத்தை ஒட்டியிருந்த ஊர்களில் ஒவ்வொன்றாக விரல் வைத்தாள். ராமேஸ்வரத்தையும் திருச்செந்தூரையும் எடுத்த எடுப்பில் தள்ளினாள். பெரிய கோயில் இருக்கிற ஊர் என்றால் பங்காளிகள் வேனை அங்கேயே திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள். கன்னியாகுமரியை யுவஸ்ரீ தள்ளினாள். "பாறையா இருக்குமாம்மா. மோதுனா பல்லு போயிரும்." மிச்ச ஊர்களை விசாரிக்க அக்பர் அலியின் எஸ்.டி.டி. பூத்துதான் கதி. அவர் எங்கெங்கோ கேட்டு லாட்ஜுகளின் நம்பர்களை வாங்கிக் கொடுத்தார்.

"ஏனுங்க, உங்க ஊர்ல அலை எப்படிங்க?"

"அலையா? குளம் மாதிரி கிடக்கும்மா. கைக்குழந்தையைக்கூட இறக்கலாம்" என்றார் ஒரு ஊர்க்காரர். இன்னொருவர், பயமே வேண்டாம், கயிறு கட்டி வைத்திருக்கிறோம் என்றார். குடும்பப் பெண் கேட்கிறாள், பயந்து போய்த்தான் கேட்கிறாள் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பலகை விஷயத்தை அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. பூத்தின் கண்ணாடிக் கதவு பாதிதான் மூடும். வெளியே எந்நேரமும் சூலூர் விமானப்படைத் தளத்து ஏர்ஃபோர்ஸ்காரர்கள் ரெண்டு பேராவது காத்திருப்பார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குத் தாய், அலைமேல் ஏறி நிற்கப் போகிறேன் என்று அவர்கள் காதுபடச் சொன்னால் ஊர் என்ன சொல்லும்?

கடைசியாக மகாபலிபுரம் மிஞ்சியது. அங்கேயும் கோயில் உண்டுதான். ஆனால் பழைய கல்கோயில், மொட்டை போட வசதியில்லை. பங்காளிகள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மாசாணி வாயை ரிசீவரோடு ஒட்டிவைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க, அலை பெருசா இருக்குதுங்களா?"

லாட்ஜ் மேனேஜர் வழக்கம்போல, "பயப்படாதீங்கம்மா" என்று ஆரம்பித்தார்.

"பயமெல்லாம் இல்லீங்க. ஆளை அடிச்சுத் தூக்கற மாதிரி வேணுங்க. சின்ன அலைன்னா எனக்கு ஆகாதுங்க."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "எத்தனை நாளைக்கு ரூம் வேணும்?" என்றார்.

"ஒரு நாள் போதுங்க. ஒரே ஒருக்கா உள்ள போனாப் போதும், என்ற ஆசை தீந்துரும்."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமாம்மா?"

"இன்னும் சொல்லலீங்க. முன்னாடியே சொன்னா ஏதாச்சும் சொல்லித் தடுத்துப்போடுவாருங்க."

"குழந்தைங்க இருக்காங்களா?"

"ஒரு புள்ளைங்க. அவளை அவரு பாத்துக்குவாரு."

மேனேஜர் ஏனோ குழந்தையிடம் பேசுவது போலப் பேசினார். "அம்மா, எந்தக் கஷ்டமும் அப்படியே இருந்துடாதும்மா. முதல்ல ஒரு நல்ல காபி குடிங்க. உங்க நம்பரைக் குடுங்க, ரூம் பார்த்துட்டு நானே கூப்பிடறேன்." மாசாணி பூத்து நம்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். கடற்கரைக்காரர்கள் எவ்வளவு தன்மையானவர்கள் என்று வழியெல்லாம் வியந்துகொண்டே போனாள். சொன்னபடி ஒரு காபியும் போட்டுக் குடித்தாள்.

அன்று சாயங்காலம் தறி ஓடிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே திருமூர்த்தி வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஜிலேபிப் பொட்டலம். அடுப்பே பற்றவைக்க வேண்டாம், காலையில் மிஞ்சிய பழைய சோறே போதும் என்றார். வாசலில் தரைக்குக் கீழே இருந்த உப்புத்தண்ணித் தொட்டிக்கு மூடி போட்டு அதற்கு ஒரு பூட்டும் போட்டார்.

"தண்ணிய ஆருங்க திருடப் போறாங்க?" என்றாள் மாசாணி.

"இருக்கட்டும், ஒரு பாதுகாப்புத்தான்."

தெருமுனைக் கடைக்குத் தயிர் வாங்கப் போனாள், பின்னாலேயே வந்தார். திரும்பி வந்தாள், அவரும் திரும்பினார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தரம்கூடத் தயிர்க்கடைப் பக்கம் எட்டிப்பார்க்காத மனுஷன்! காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"மாசாணி, இந்தப் பொங்கலுக்கு எங்கயும் போக வேண்டாம். பழனியும் வேண்டாம். ஊட்லயே இருப்போம்."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கையை உருவிக்கொண்டாள். "இப்படி ஆகும்னு எனக்குத் தெரியுமுங்க. உன்ற முறைன்னு சொல்லிப்போட்டு, இப்ப ஜிலேபி வாங்கிக் குடுத்து ஏமாத்தறீங்களா? ஊர்கூடப் பாத்துப்போட்டேன். மகாபலிபுரம்."

"கடலுக்கு மட்டும் உன்னைய உட மாட்டேன்!" என்று திருமூர்த்தி கத்தினார். கத்திய கையோடு அவள் கையை மறுபடி பிடித்துக்கொண்டார். "அந்த லாட்ஜ்காரரு பூத்துக்குப் போன் போட்டுச் சொல்லிப்போட்டாரு. அக்பர் பாய் தறிக்கு ஓடி வந்தாரு. அந்த அம்மணியத் தனியா உடாதீங்க, கடல்ல குதிக்கப் போகுதுன்னாரு. அப்படி என்ன மாசாணி உனக்கு நான் கொறை வெச்சுப்போட்டேன்?"

மாசாணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அடக்க முடியாமல் சிரித்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டிவியில் பார்த்த பெண்ணையும் பலகையையும், வாய்க்காலையும் வாழைமரத்தையும் சிரிப்புக்கு நடுவே சொல்லி முடித்தாள். திருமூர்த்தி வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"வாழமரத்து மேல நிப்பியா நீயி? எனக்குச் சொன்னதே இல்லியே?"

"நீங்க கேட்டதே இல்லீங்களே."

சொன்ன பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. சிரிப்பு நின்றுவிட்டது. "அது கெடக்கட்டும். ஆரோ ஒருத்தரு போன்ல சொன்னதும் நீங்க அப்படியே நம்பிப்போட்டீங்களா? என்ற மாசாணி அப்படிப் பண்ண மாட்டான்னு தோணலீங்களா?"

திருமூர்த்தி தரையைப் பார்த்தார். "பாய்கிட்ட அப்படித்தான் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். வார்த்தை வரல. கட்டி வந்ததுல இருந்து நீ வாய் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். அதையும் அடுத்த வருசம், அடுத்த வருசம்னே ஓட்டிப்போட்டேன். ஒருத்திக்கு வெறுத்துப்போக இது பத்தாதான்னு தோணிப்போச்சு."

மாசாணிக்கு அழுகை வந்தது. அழவும் செய்தாள். யுவஸ்ரீ ஒன்றும் புரியாமல் வந்து நின்று, ஜிலேபியை யாராவது பிரிக்கப் போகிறீர்களா இல்லையா என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் பூத்துக்கு இருவருமாகப் போனார்கள். திருமூர்த்திதான் நம்பரைச் சுழற்றினார். "ஏனுங்க, நேத்து பேசுன அம்மணியோட ஊட்டுக்காரர் பேசறனுங்க. நல்லாத்தான் இருக்குதுங்க, நீங்க பயப்படாதீங்க. ரூமு வேணுமுங்க. அலை பெருசுதானுங்களே? நானும் கூட வாரேனுங்க. ஒண்ணாவே உள்ள எறங்கிருவோம்."

"அய்யோ சார், ரெண்டு பேருமா?" என்று மேனேஜர் அலறியது வெளியே உட்கார்ந்திருந்த அக்பர் அலிக்கே கேட்டது.

மாசாணி ரிசீவரை வெடுக்கென்று வாங்கினாள். பாதிதான் மூடும் அந்தக் கதவை முதுகால் தள்ளி முழுக்கத் திறந்துவைத்தாள். காற்று வேண்டியிருந்தது.

"சாகறதுக்கு இல்லீங்க! அலைமேல ஏறி நிக்கறதுக்குங்க. பலகை கெடைக்குமுங்களா? நிக்கறது நான்தானுங்க. இவரு கரையில இருந்து பாப்பாரு."

வரிசையில் நின்ற ஏர்ஃபோர்ஸ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அவள் அதையே இன்னொரு தரம், இன்னும் சத்தமாகச் சொன்னாள்.