நல்ல மூடி வரும்வரை

எங்கள் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் பெயின்ட் வாளியும் அதற்கு மூடியும் செய்கிறோம். மெஷினில் அச்சை மாற்றிப் பொருத்துகிறவருக்குச் செட்டர் என்று பெயர். இதுவரை ஆண்கள்தான் அதில் இருந்தார்கள். அன்று மெர்சிக்குச் சோதனை. ஷிஃப்ட் முடிவதற்குள் ஒழுகாத மூடி ஒன்று வந்துவிட்டால், இனி அவள்தான் செட்டர்.

இதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புது ஆள் அச்சு மாட்டும் நாளில், நல்ல மூடி வரும்வரை யாரும் 'செட்' என்று சொல்லக் கூடாது. சொன்னால் காரியம் கெடும். மாட்டியவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு சொல் இல்லாமல் பேசிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். பொன்னேரியில் வாங்கிய நகையை, என்னோடு வேலை செய்யும் செல்வி, "கழுத்துக்கும் காதுக்கும் ஒரே டிசைன்" என்று சுற்றி வளைத்துக் காட்டினாள். தங்கச்சிக்குப் பார்த்த இடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது இன்னும்..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கூடி வரல பானுக்கா."

மாட்டிக்கொண்டது மெஷின் ஓட்டும் தேசப்பன் அண்ணன்தான். கேன்டீனுக்கு ஃபோன் போட்டவர், "நைனா, மதியத்துக்குப் பத்து செட் தோசை" என்று சொல்லிவிட்டார்.

மெர்சி ஸ்பானரோடு திரும்பினாள். "அண்ணா! இன்னா வாய் அது?"

"ஐயையோ, பசியில வந்துட்சிம்மா!"

தரம் பார்க்கும் எட்வர்ட் தீர்ப்புச் சொன்னார்: "சொன்னவரே வாளிக்குக் கீழ உக்காரட்டும்."

முதல் மூடி வந்தது. சின்ன வாளியில் தண்ணீர் நிரப்பி, மூடியை அழுத்தி, எட்வர்ட் தலைகீழாகப் பிடித்தார். தேசப்பன் அண்ணன் வழுக்கையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. செல்வி சிரித்தாள். மெர்சி சிரிக்கவில்லை. மூடியின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் உருகிய பிளாஸ்டிக் முழுதாக ஓடி நிரம்பவில்லை.

"உங்க வாய் இல்லண்ணா. நான்தான் பிரஷரைக் கம்மியா வச்சிகினு கீறேன்."

கூட்டி வைத்தாள். அண்ணன் தலையைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். அடுத்த மூடி. எல்லாரும் அந்த வழுக்கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னாண்ணா?" மெர்சி குனிந்து பார்த்தாள்.

அவர் தலையைத் தடவி, காய்ந்த உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். "நீயே சொல்லும்மா அந்த வார்த்தைய."

"செட்டு!" என்று கத்தினாள்.

அவ்வளவுதான். நெக்லஸ் செட்டு, தங்கச்சிக்கு மாப்ள இன்னும் செட்டு ஆவல, நம்ம செட்டுலயே நீதான்டி கில்லாடி என்று காலையிலிருந்து அடக்கியதெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. சந்தோஷம் தாங்காமல் மெர்சி ஓடிப்போய், அண்ணன் தலைக்கு மேல் எட்வர்ட் இன்னும் கவிழ்த்துப் பிடித்திருந்த வாளியின் மூடியைப் பிடுங்கினாள்.

சொட்டச் சொட்ட நனைந்த தேசப்பன் அண்ணன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அந்தத் தோசையையாவது நனையாம எடுத்துகினு வாங்கடா!"