வெல்வெட் காய்

ஃபாக்டரி கிளப் ஹாலுக்குள் கால் வைத்ததுமே ஜூடித் வாசலோடு நின்றுவிட்டாள். நடு ஹாலில் ஈரச் சாக்கை விரித்து, அதன்மேல் ஒரு காட்டையே கொட்டி வைத்திருந்தார்கள். பாசி பிடித்த மரப்பட்டை, மக்கிப்போன தேக்கிலை, உளுத்த கட்டைகள், பத்துப் பன்னிரண்டு தூக்கணாங்குருவிக் கூடுகள். கூடுகளிலிருந்து எச்ச வாடை குப்பென்று அடித்தது. ஒரு பட்டையைக் காலால் புரட்டினால் அடியில் மரவட்டைகள் கும்பலாகச் சுருண்டு கிடந்தன. தூ! இதையா கிறிஸ்மஸ் மரத்தில் மாட்டப்போகிறார்கள்?

ஆமாம், இதைத்தான். ஜி.எம். மனைவி ருக்மிணி அம்மாள் மூன்று மாதம் புருஷனோடு வெளிநாட்டில் இருந்துவிட்டு அக்டோபரில்தான் சனத்நகர் திரும்பியிருந்தாள். அங்கே எந்த ஹோட்டலிலோ பார்த்த மரம் அவள் மண்டைக்குள் புகுந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

"இந்த வருஷம் ஃபாரஸ்ட் தீம், மிஸஸ் ஜெயகரன். அங்கேயெல்லாம் இப்படித்தான் பண்றா. பட்டை, பாசி, குருவிக்கூடு, அவ்வளவு நேச்சுரலா இருக்கு. நம்ம மரம்தான் பஞ்சும் ஜிகினாவுமா, பார்க்கவே சகிக்கலை."

பார்க்கவே சகிக்காத அந்த மரத்தைப் பதினோரு வருஷமாக ஜோடித்து வந்தவள் ஜூடித். ஃபாக்டரியில் டெலிபோன் ஆபரேட்டர். புருஷன் ஜெயகரன் அதே ஃபாக்டரியில் டூல் ரூமில் இருந்தான். சாத்தான்குளத்திலிருந்து கல்யாணமாகி வந்த முதல் டிசம்பரிலேயே, 'கிறிஸ்டியன்தானே, நீங்களே பண்ணுங்க' என்று கிளப்பில் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். வேலிப் பக்கத்துச் சவுக்கில் ஒரு கிளையை வெட்டி, மண் ரொப்பிய மண்ணெண்ணெய் டின்னில் நட்டு, டிஸ்பென்சரிப் பஞ்சைப் பிய்த்துப் பனியாகத் தூவி, சிகரெட் அட்டைக்குள் வரும் வெள்ளித்தாளில் நட்சத்திரம் வெட்டித் தொங்கவிடுவாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. கிளப்பைப் பெருக்கித் துடைக்கும் கனகம் ஏணியைப் பிடித்துக்கொள்வாள். இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள்.

இந்த வருஷம் அந்த நட்சத்திரப் பெட்டி எங்கே என்று தேடினாள். வராந்தாவில், குப்பைக் கூடைக்குள் கிடந்தது. டீத்தூள் சக்கையும் வாழைப்பழத் தோலும் அதன்மேல் ஊறிக்கொண்டிருந்தன. விரல் நுனியால் ஒரு நட்சத்திரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பழுப்பு நீர் சொட்டியது. அப்படியே திரும்பப் போட்டுவிட்டாள்.

"அக்கா, நான் கொட்டல," என்றாள் கனகம் பதறிப்போய். "அந்தம்மாதான் கொட்டச் சொல்லிச்சு. நான் நக்கோ, வேணாம்னு சொன்னேன். கேட்டாத்தானே?"

கனகம் லாலாகுடாவில் பிறந்து வளர்ந்தவள், பேச்சில் அந்த ஊர் உருது கலந்து வரும். அவள் தாத்தா காலத்தில் ரயில்வே கூலி வேலைக்கு வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். வயல், காடு, கம்மாய் எதையும் கண்ணால் கண்டதில்லை. எட்டு மாதக் குழந்தை தங்கத்தை வராந்தா உத்தரத்தில் சேலைத் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலை செய்வாள். அழுதால் ஓடிப்போய் எடுத்துப் பால் கொடுத்துவிட்டு வருவாள். தூளியின் பழைய சேலையே ஜூடித் கொடுத்ததுதான்.

இரண்டு நாளாக ஃபாரஸ்ட் தீம் நடந்தது. நடந்தது என்ன, கனகம் செய்தாள், மற்றவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். ருக்மிணி அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மற்றொரு கையால் அங்கே இங்கே என்று காட்டுவாள். பக்கத்தில் இரண்டு ஆபீசர் மனைவிகள் ஆகா ஆகா என்பார்கள். ஒரு கூட்டைத் தட்டியபோது உள்ளே இருந்து காய்ந்து கருவாடாகிப்போன குஞ்சு ஒன்று பொத்தென்று விழுந்தது.

"சீ, சீ! எடுத்துண்டு போ அதை," என்று கத்தினாள் ருக்மிணி அம்மாள். "கூட்டை மட்டும் மாட்டு. கூடு நன்னா இருக்கு."

கனகம் அதைப் பேப்பரில் பொறுக்கி எடுத்துப் போனாள். பட்டைகளிலிருந்து செவ்வெறும்பு ஊர்ந்து அவள் முழங்கை வரைக்கும் கடித்துத் தடித்திருந்தது. நேச்சுரலாம் நேச்சுரல்! தொட்டால் கை அழுக்காகும் என்று தெரிகிறது, தொடுகிற கை மட்டும் இன்னொருத்தியுடையதாக இருந்துவிட்டால் சரி. ஜூடித்துக்கு அந்த மரத்தைவிட அந்த மூன்று நாற்காலிகளைப் பார்க்கத்தான் அருவருப்பாக இருந்தது. வராமல் இருந்திருக்கலாம். ஆனால் பதினோரு வருஷத்து ரோஷம், டூட்டி முடிந்ததும் அவளை அங்கேதான் இழுத்து வந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் டிரான்ஸ்போர்ட் ஆபீசர் ஜகதீசன் வந்தார். ஜி.எம். வீட்டுக்காரம்மா முன்னால் அவருக்கு முதுகு தானாகவே வளையும். கையில் வாய் கட்டிய பெரிய பிளாஸ்டிக் பை.

"மேடம், நர்சாபூர் காட்டிலேருந்து ஸ்பெஷலா கொண்டுவரச் சொன்னேன். வெல்வெட் மாதிரி இருக்கு பாருங்க. கொடியோட அறுத்து அப்படியே பையிலே போட்டிருக்கான். கொண்டுவந்த டிரைவர்தான் மறுநாளிலிருந்து டூட்டிக்கு வரலை, சோம்பேறிப் பயல். காய்ச்சலாம்."

பைக்குள் கொத்துக் கொத்தாகக் காய்கள். விரல் நீளம், லேசாக வளைந்து, உடம்பு பூராவும் பொன்னும் பழுப்புமாக மின்னும் பூமயிர். பார்க்க அத்தனை அழகு.

ஜூடித் பார்த்ததுமே கண்டுகொண்டாள். பூனைக்காலி! சாத்தான்குளத்தில் ஸ்கூல் படிக்கும்போது வேலியெல்லாம் இது படர்ந்து கிடக்கும். ஒரு பயல் இதை அவள் சட்டைக் காலருக்குள் போட்டுவிட்டு ஓடிவிட, அவள் மத்தியானம் பூராவும் அரிப்புத் தாங்காமல் தரையில் புரண்டு கதறியிருக்கிறாள். தண்ணீர் ஊற்றினால் அந்தப் பூமயிர்ச் சுணை இன்னும் பரவும் என்று சொல்லி, உடம்பு முழுக்கச் சாணியை அப்பித்தான் அவளைக் காப்பாற்றினார்கள். காய்ச்சலாம் டிரைவருக்கு, எந்தக் காய்ச்சல் என்று அவளுக்குத் தெரியாதா?

வாயைத் திறந்துவிட்டாள். அதற்குள் ருக்மிணி அம்மாள், "அடடா, எக்ஸலண்ட்!" என்று எழுந்தே விட்டாள். "இதை நாளைக்கு நானே என் கையாலே மாட்டறேன். ஹவுஸ் மேகசின் போட்டோகிராபர் நாலு மணிக்கு வர்றான், அப்போ மாட்டினா போட்டோ நன்னா விழும். மிஸஸ் ஜெயகரன், நீங்களும் ஓரமா நில்லுங்கோ. மறைக்காம."

மறைக்காமல் ஓரமாக நிற்க வேண்டும். ஜூடித் திறந்த வாயை மூடிக்கொண்டாள். மாட்டு தாயி, உன் கையாலேயே மாட்டு. போட்டோ நன்றாக விழட்டும். குப்பைக் கூடையில் ஊறிய நட்சத்திரம் கண்முன் வந்தது, மனசுக்குள் ஒரு கெட்ட சந்தோஷம் குபுகுபுவென்று பொங்கியது.

எல்லோரும் போன பிறகு கனகம் பையின் பக்கம் குனிந்தாள். "என்னா காய்க்கா இது? பூனைக்குட்டி கணக்கா இருக்குது."

"ஏ கனகம், தொட்டுறாத!" என்றாள் ஜூடித் வெடுக்கென்று. "அந்தம்மாவே மாட்டிக்கிடட்டும். நாளைக்கு நீ அதுல கையே வைக்கக் கூடாது, கேட்டியா?"

"ஹவ், ஹவ், சரிக்கா. கைக்கு, எதுக்கு இம்மாங் கோவம்?" என்று சிரித்தாள் கனகம். அக்காவுக்கு நட்சத்திரக் கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஜூடித்தும் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் கனகம் வாய் சும்மா இருக்காது, பாவம் அந்தம்மா என்று போய் உளறிவிடுவாள். தொடாதே என்று சொன்னது போதும்.

மறுநாள் எக்ஸ்சேஞ்சில் பிளக்குகளை மாற்றி மாற்றிச் செருகும்போதெல்லாம் ஜூடித்துக்குச் சிரிப்பு வந்தது. நாலு மணிக்கு ருக்மிணி அம்மாள் காஞ்சிப் பட்டுக்குள் கையை விட்டுச் சொறிவாள். போட்டோகிராபர் விழிப்பான். மூன்றரைக்கு மாற்று ஆள் வந்ததும், சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, வேடிக்கை பார்க்கக் கிளப்புக்கு நடந்தாள்.

ஹால் கதவு திறந்திருந்தது. மூன்று நாற்காலிகளிலும் மூன்று பெண்கள். ஏணியின் உச்சியில் கனகம்.

பை காலியாகத் தரையில் கிடந்தது. மரம் முழுக்கக் காய்கள் தொங்கின. கனகம் ஒரு கையால் கொத்தைக் கட்டிக்கொண்டு, இன்னொரு கையால் கழுத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள்.

"எறும்பு கடிக்குதும்மா, தாங்கல."

"ஆச்சு, இதுதானே கடைசி? கட்டிட்டு எறங்கு," என்றாள் ருக்மிணி அம்மாள். ஜூடித்தைப் பார்த்ததும், "ஏணியிலே ஏறினா பட்டுப்புடவை என்னத்துக்கு ஆகும்? ஒண்ணே ஒண்ணை மட்டும் கீழே விட்டுவெச்சிருக்கேன், போட்டோவுக்கு," என்றாள்.

ஜூடித் மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டாள். அட மடச்சி! இரண்டு நாளாகக் கண்ணால் பார்த்தாயே, இவர்கள் எதையாவது தொட்டார்களா? எந்த மரப்பட்டையை, எந்தக் கூட்டை, எந்த எறும்பைத் தொட்டார்கள்? இந்தக் காயை மட்டும் தொடுவார்கள் என்று எந்தப் புத்தியில் நம்பினாய்?

அந்த நேரம் பார்த்து வராந்தாவில் தங்கம் வீறிட்டு அழுதது. கனகம் ஏணியிலிருந்து தடதடவென்று இறங்கினாள். கழுத்திலும் கையிலும் தோல் சிவந்து பட்டை பட்டையாக வீங்கியிருந்தது. மாராப்பைத் தளர்த்திக்கொண்டே தூளிக்கு ஓடினாள், குழந்தையை எடுக்க இரண்டு கையையும் நீட்டினாள்.

"தொடாத! புள்ளையத் தொட்டுறாத!" ஜூடித் போட்ட கூச்சலில் வாசலில் இருந்த வாட்ச்மேன் பழனிசாமி ஓடிவந்துவிட்டார். "கையில சுணை இருக்கு. அது பூனைக்காலி. புள்ளை மேல பட்டா செத்துப்போகும் புள்ளை!"

கனகம் நீட்டிய கைகளோடு அப்படியே நின்றாள். தூளிக்குள் குழந்தை காலை உதைத்து அழுதுகொண்டிருந்தது. அரிப்புத் தாங்காமல் கண்ணில் நீர் வழிய, அவள் ஜூடித்தையே பார்த்தாள். எதையோ கூட்டிக் கழிப்பதுபோல் மெதுவாகக் கேட்டாள்.

"நேத்து தொடாதேன்னியே. தெரிஞ்சுதான் சொன்னியா?"

ஒரு நாளும் அவள் அக்காவை ஒருமையில் கூப்பிட்டதில்லை. கிளப்புக்குப் பின்னால் பால்காரனின் எருமைக் கொட்டில் இருந்தது, ஜூடித் அங்கே ஓடினாள். இரண்டு கையாலும் பச்சைச் சாணியை வாரி எடுத்துக்கொண்டு, மூக்கு எரிய எரிய ஓடிவந்தாள். ருக்மிணி அம்மாள் வராந்தா வாசலில் நின்று, "ஐயையோ, சாணியை இங்கேயா கொண்டுவர்றது? சீ!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேச்சுரல்தானே என்று ஜூடித்துக்கு நாக்கு வரை வந்தது. சொல்வதற்கு அவளுக்கு என்ன யோக்கியதை இருந்தது?

"கையக் காட்டு கனகம். இதைப் பூசுனா சுணை ஒட்டிக்கிட்டு வந்துரும். நான் பூசிவிடுதேன்."

கனகம் கையைக் காட்டவில்லை. ஜூடித்தின் உள்ளங்கையிலிருந்து, விரல் படாமல், சாணியை மட்டும் வழித்து எடுத்துக்கொண்டாள். தானே கழுத்தில் பூசினாள், முழங்கையில் பூசினாள், பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். பூசியது காயும் முன்பே மறுபடியும் கை நீட்டி வழித்தாள். முகத்தை ஒரு தடவைகூட நிமிர்த்தவில்லை.

குழந்தை அழுது அழுது தொண்டை கம்மிவிட்டது. ஜூடித் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தூளிப் பக்கம் அடியெடுத்து வைத்தாள்.

"நான் தூக்கிக்கிடுதேன் கனகம். என் கையில சுணை இல்ல."

"நக்கோ," என்றாள் கனகம். "பழனிசாமியண்ணே, கொஞ்சம் புள்ளைய எடுத்துக்கோ. அதும் மேல இந்தம்மா கை பட வேணாம்."

பழனிசாமி பீடியைக் கீழே போட்டுவிட்டு, தூளியை விலக்கிக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டார். ஹாலில் யாரோ போட்டோகிராபர் வந்துவிட்டான் என்றார்கள். கனகம் சாணி பூசிய கைகளை உடம்பில் படாமல் அகட்டி வைத்துக்கொண்டு வராந்தாப் படியில் உட்கார்ந்தாள். ஜூடித் பக்கத்தில் வந்து நின்றதும், எழுந்து ஒரு படி தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.