காலி இடம்

ஒயின் பரிமாறும் தேர்வில் விருந்தாளிகளாக வந்து உட்காருகிறவர்கள் இறந்துபோனவர்கள். புதுச்சேரியில் அந்தப் பயிற்சிப் பள்ளி தொடங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். உயிரோடு இருக்கிறவர்கள் குடிக்கிற அவசரத்தில் குறை சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

பெனடிக்டாவுக்கு ஐம்பத்துமூன்று வயது. கடற்கரை ஓட்டலில் மேசை விரிப்பு மாற்றுகிற வேலை. பிள்ளைகள் இருவரும் தலையெடுத்து வெளியூர் போய்விட்டார்கள். போன வருஷம் இறந்த அவள் புருஷன் சவரிராயன், சனிக்கிழமைதோறும் அந்தப் பள்ளியில் நான்காவது நாற்காலியில் உட்காருகிறார் என்று ஓட்டல் சமையற்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். அன்றைக்கே போய்ப் பேர் கொடுத்துவிட்டாள். பாஸானால் சனிக்கிழமை பரிமாறுகிற வேலை அவளுக்கு. பெயிலானால் பரிமாற அந்த அறைக்குள் மறுபடி விடமாட்டார்கள்.

மூன்று மாதப் பயிற்சி. கார்க்கைச் சத்தமில்லாமல் உருவ வேண்டும். பெண்களுக்கு முதலில், வலது பக்கம் நின்று ஊற்ற வேண்டும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்ற வேண்டும்.

"மிச்சம் காலியாக் கிடக்கே சார்?"

"அவங்க குடிக்கிறதே அந்தக் காலி இடத்தைத்தாம்மா" என்றார் பயிற்சியாளர் ஆல்பேன்.

அவள் குறித்துக்கொண்டாள். தினமும் ஜெபமாலை முடித்ததும் மாதா சுரூபத்துக்கு முன்னால் திராட்சை ஜூஸை ஊற்றிப் பழகினாள். கைதான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு டம்ளர் ததும்பக் கொடுத்தே பழகிய கை.

தேர்வு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. விருந்தாளிகள் நான்கு பேரும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பக்கம் மட்டும் மின்விசிறிக் காற்று போகவில்லை. சவரிராயன் கல்யாணச் சட்டை போட்டிருந்தார். அடக்கம் பண்ணும்போது அவள்தான் போட்டுவிட்டாள். மேல் பட்டன் இன்னும் மாறித்தான் இருந்தது.

முதல் மூன்று கிளாஸும் அளவு பிசகவில்லை. ஆல்பேன் மூன்று முறை தலையசைத்தார். நான்காவதிலும் சரியாக மூன்றில் ஒரு பங்கு ஊற்றிவிட்டுப் பாட்டிலைத் திருகி நிமிர்த்தினாள்.

சவரிராயன் கிளாஸைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"ஏன் பெனி, எனக்கு மட்டும் கைய இழுத்துப் பிடிக்கிற? நான் என்ன வேத்து ஆளா?"

"சட்டம் அப்படிங்க. எல்லாருக்கும் இவ்வளவுதான்."

"சரி, இருக்கட்டும்" என்றார். சாப்பாட்டில் உப்பில்லாத நாளிலும் இதே குரலில்தான் இருக்கட்டும் என்பார்.

பெனடிக்டா மனசுக்குள் ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொன்னாள். பிறகு கிளாஸை விளிம்புவரை நிரப்பினாள். ஆல்பேன் தாளில் ஒரு கோடு போட்டார்.

சவரிராயன் கிளாஸை வாயில் வைத்துப் பார்த்து, கீழே வைத்தார்.

"இதுல எனக்குக் குடிக்க ஒண்ணுமே இல்லியே."

அது உண்மைதான். அவள் கிளாஸை எடுத்து, மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்வரை மெதுவாகக் குடித்தாள். புளிப்பாக இருந்தது. அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள். அவர் திருப்தியாகக் குடித்தார். கிளாஸ் அப்படியே இருந்தது.

"விருந்தாளி கிளாஸில் வாய் வைத்தவர் விருந்தாளி" என்று ஆல்பேன் சட்டத்தைப் படித்துவிட்டு, ஐந்தாவது நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அதன் முதுகில் அவள் பெயர் எழுதியிருந்தது. பெயின்ட் காய்ந்து வெகுநாள் ஆகியிருந்தது.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். சேலை நுனியில் மின்விசிறிக் காற்று நின்றது. கையை நீட்டி அவருடைய பட்டனைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

அடுத்த மாணவி வந்து வலது பக்கம் நின்று, முதலில் அவளுக்கு ஊற்றினாள். மூன்றில் ஒரு பங்குதான்.

பெனடிக்டா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, மேலே இருந்ததைக் குடித்தாள். போதுமானதாக இருந்தது.