டாக்டர் நெகட்டிவ்

சோடாக்காரர் என்றதும் சோடா விற்பவர் என்று நினைத்துவிடக் கூடாது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் காஸ்டிக் சோடாவைக் கட்டி மேய்ப்பவர் அவர். பெட்ரோலில் ஒளிந்திருக்கும் கந்தகத்துக்கு ஒரு நாற்றம் உண்டு. அழுகிய முட்டையும் அழுகிய வெங்காயமும் கூட்டணி வைத்தால் வருமே, அது. பெட்ரோலைக் காஸ்டிக் சோடா கரைத்த நீரோடு கலக்கவிட்டால், அந்த நீர் நாற்றத்தையெல்லாம் தன் தலையில் வாங்கிக்கொள்ளும். பெட்ரோல் நல்ல பிள்ளையாக மேலே போய்விடும். நாற்றத்தைச் சுமந்த சோடா நீரை அப்படியே கொட்டிவிட முடியாது. வேறொரு டவருக்கு அனுப்பி அடியிலிருந்து காற்றை ஊத வேண்டும். காற்றுப் பட்டால் நாற்றம் ஒருவகை எண்ணெயாகி மிதக்கும். அதை வழித்து எடுத்துவிட்டால் சோடா நீர் மறுபடி வேலைக்குத் தயார். வாங்கிக்கொள்வதும் இறக்கி வைப்பதும் அதன் பிழைப்பு. அதைப் பார்த்துக்கொள்வது சோடாக்காரரின் பிழைப்பு.

பெட்ரோல் சுத்தமாகிவிட்டதா என்று லேப்தான் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறது. டாக்டர் டெஸ்ட் என்று அதற்குப் பெயர். எந்தப் புண்ணியவான் வைத்தானோ தெரியாது. சாம்பிளைக் குப்பியில் ஊற்றி, ஈயம் கலந்த கரைசலைச் சேர்த்துக் குலுக்கி, கந்தகப் பொடியை ஒரு சிட்டிகை தூவி மறுபடி குலுக்குவார்கள். பொடி மஞ்சளாகவே இருந்தால் 'டாக்டர் நெகட்டிவ்'. பெட்ரோல் சுத்தம், நல்ல டேங்குக்கு அனுப்பலாம். கறுத்துப் போனால் 'டாக்டர் பாசிட்டிவ்'. திரும்பச் சுத்தம் செய்வதற்கான டேங்குக்குத் திருப்பிவிட வேண்டும். முடிவை எழுத்தில் வாங்கிய பிறகே வால்வைத் தொட வேண்டும் என்பது சட்டம். வாய்ச்சொல்லே போதும் என்பது வழக்கம்.

லேபில் குப்பி குலுக்குகிறவர்களில் ஒருத்தி சோடாக்காரரின் மச்சினி, மனைவிக்கு நேர் தங்கை. அந்த வேலை தன்னால்தான் கிடைத்தது என்று அவர் ஊரெல்லாம் சொல்வார். "மாமா சிபாரிசு பண்ணியும் எனக்கு வேலை கிடைச்சுது," என்று அவள் சொல்வாள்.

மனைவிக்கு இடது மார்பில் ஒரு கட்டி வந்திருந்தது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதாம். ஆஸ்பத்திரியில் ஊசியால் குத்தி அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து சோடாக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியோ எதுவும் நடக்காத மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரிசல்ட் நாளைக்குத்தான் வருமாம். நீங்க வேலைக்குக் கிளம்புங்க," என்றாள் அன்று காலையில்.

"நாளைக்கு லீவு போட்டுட்டு நானும் கூட வர்றேன்."

"வாங்க, வாங்க. இப்ப அந்தச் சட்டையில பட்டன் இல்ல, அதைக் கவனிங்க. அப்புறம், ஆலையில யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. அந்த ரேடியோ காதுல விழுந்தா, சாயங்காலத்துக்குள்ள எனக்கு இரங்கல் கூட்டமே போட்டுடுவாரு."

ரேடியோ என்பவர் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர். டவர்களுக்கு நடுவே செல்போன் கொண்டுபோகக் கூடாது, தீப்பொறி பயம். அதனால் வெளியிலிருந்து வரும் எந்தச் சேதியும் கன்ட்ரோல் ரூம் போனுக்கு வந்து, ரேடியோவின் வாய் வழியாக வாக்கி-டாக்கியில் போய்ச் சேர வேண்டும். அந்த வாயில் விழுந்த சேதி எதுவும் ஒரு காதோடு நின்றதில்லை.

அன்று ஷிப்ட் தொடங்கியதிலிருந்தே பெட்ரோல் அடம்பிடித்தது. டாக்டர் பாசிட்டிவ், மறுபடியும் பாசிட்டிவ். சோடாக்காரர் டவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். காற்றை அளக்கும் கண்ணாடிக் குழாயில் மிதவை நடுக்கோட்டில் நின்றது. காற்றுச் சரியாகப் போகிறது என்று அதற்கு அர்த்தம். ஆனால் எப்போதும் தூங்கி வழிகிறவன் தலை மாதிரி ஆடிக்கொண்டிருக்கும் அந்த மிதவை, இன்று ஆடாமல் அசையாமல் நின்றது. விரலால் ஒரு தட்டுத் தட்டினார். பொத்தென்று அடியில் விழுந்தது. காற்றே இல்லை! வடிகட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது, மிதவை அழுக்கில் ஒட்டிக்கொண்டு இத்தனை நேரமும் பொய் சொல்லியிருக்கிறது.

மாற்று வடிகட்டிக்குக் காற்றைத் திருப்பிவிட்டு, அடைத்ததைக் கழற்றிக் கழுவும்போது அவருக்கு மனைவியின் நினைவு வந்தது. அவளும் காலையில் அப்படித்தான் ஆடாமல் அசையாமல் நின்றாள். அவளைத் தட்டிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

டவருக்குள் காற்று போகத் தொடங்கியது. மிதவை ஏறி நின்று ஆடியது. கொஞ்ச நேரம் பொறுத்து ஒரு சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். வாக்கி-டாக்கி கரகரத்தது.

"அண்ணே, கேக்குதா? உங்க மச்சினி போன்ல இருக்காங்க. டாக்டர் நெகட்டிவ்."

"என்னது, திரும்பச் சொல்லு!"

"டாக்டர் நெகட்டிவ். அதை மட்டும் சொல்லுங்க, மாமாவுக்குப் புரியும்னாங்க."

"புரியாம என்ன! அடுத்த சாம்பிளை எப்ப எடுக்கணும்னு கேளு."

வாக்கி-டாக்கி மறுபடி கரகரத்தது. "கேட்டேன்ணே. ஒண்ணும் சொல்லாம வச்சுட்டாங்க."

சோடாக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இந்த ஒரு தலைவலியாவது தீர்ந்ததே என்று வால்வின் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றி, பெட்ரோலை நல்ல டேங்குக்குத் திறந்துவிட்டார். சீட்டியடித்துக்கொண்டே போய் டீ குடித்தார். இரண்டாவது டீ குடிக்கும்போது கன்ட்ரோல் ரூமுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது.

உள்ளே ஷிப்ட் இன்சார்ஜ் மேடம் நின்றுகொண்டிருந்தார். மேஜைமேல் ஒரு குப்பி. அதற்குள் கந்தகப் பொடி கன்னங்கரேலென்று இருந்தது.

"நல்ல டேங்குக்குத் திறக்கச் சொன்னது யாரு?"

"டாக்டர் நெகட்டிவ்னு சொன்னாங்களே மேடம்."

"இதைப் பாத்தா நெகட்டிவ் மாதிரியா இருக்கு? காத்து இப்பத்தானே போக ஆரம்பிச்சிருக்கு. சோடா நல்லா ஊறிப்போய்க் கெடக்கு, தெளிய நேரம் ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? வால்வை நானே திருப்பிவிடச் சொல்லிட்டேன். ஆனா அந்த டேங்க்ல இருக்கறது மொத்தமும் போச்சு. திரும்ப இழுத்துச் சுத்தம் பண்ணணும். லேப்ல யாரு சொன்னது?"

"என் மச்சினிதான்."

"அவங்க இன்னைக்கு லீவு."

சோடாக்காரருக்கு ஒன்றும் ஓடவில்லை. "லீவா?"

"சொந்த வேலையாம். காலையிலயே சொல்லிட்டாங்க."

அவர் மெல்ல ரேடியோ பக்கம் திரும்பினார். ரேடியோ நாற்காலியில் நெளிந்தார். "அண்ணே, சத்தியமா உங்க மச்சினிதான் பேசினாங்க. எனக்குக் குரல் தெரியாதா? ஆனா பின்னால யாரோ 'அடுத்த டோக்கன்'னு கத்தினாங்க. லேப்ல எதுக்குடா டோக்கன்னு நானும் யோசிச்சேன். அப்புறம்..." இழுத்தார்.

"சொல்லு."

"பக்கத்துல ஒரு அம்மா அழற சத்தம் கேட்டுச்சு. அழுதுக்கிட்டே சிரிச்சாங்க. அதைச் சொல்லலாமா வேணாமான்னு விட்டுட்டேன்."

வாழ்நாளில் ஒரே ஒரு சேதியை ரேடியோ வாய்க்குள்ளேயே வைத்திருந்தார் என்றால், அது இதுதான்.

சோடாக்காரர் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ரிசல்ட் நாளைக்கு இல்லை, இன்றைக்கு. மனைவி தங்கையை லீவு போடவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். ரேடியோவின் காதில் போட்டாலும் கசியாத ஒரு வார்த்தையாகத் தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறாள் மச்சினி. இந்த ஆலையில் அதைக் கேட்டு எவனும் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டான். இவரும் கேட்கவில்லை.

"மேடம், இந்தப் பெட்ரோல் பாசிட்டிவ்தானே? நிச்சயமா?"

"கண்ணு தெரியலையா? கரியா இருக்கு."

"அப்பச் சரி மேடம். அப்ப ரொம்பச் சரி!"

"நான் திட்டிக்கிட்டிருக்கேன், நீங்க சிரிக்கறீங்க!"

"நெகட்டிவ் பெட்ரோலுக்கு இல்ல மேடம். என் பொண்டாட்டிக்கு. மார்ல கட்டி. புத்துநோயா இருக்குமோன்னு..." ரகசியம் ரேடியோவின் கண்ணெதிரிலேயே உடைந்து போனது. அதைப் பற்றி அவருக்கு இப்போது கவலை இல்லை.

மேடம் குப்பியை ஓரமாக நகர்த்தினார். போனை அவர் பக்கம் தள்ளினார். "மெமோ உண்டு, அதுல மாத்தமில்ல. முதல்ல வீட்டுக்குப் பேசுங்க."

முதல் மணியிலேயே மனைவி எடுத்தாள். எடுத்ததும் பொரிந்து தள்ளினாள்.

"என்னங்க கேட்டு அனுப்பினீங்க? அடுத்த சாம்பிள் எப்பன்னா? இன்னொரு தடவை ஊசியால குத்தணுமா என்னை? உங்க மச்சினி, 'மாமா ரேடியோகிட்ட சமாளிக்கறாரு, அக்கா'ன்னு உங்களுக்கு வக்காலத்து வாங்கறா."

"நீ நாளைக்குன்னுதானே சொன்னே?"

"இன்னைக்குன்னு சொன்னா, அந்தப் பதட்டத்துல நீங்க எந்த வால்வைத் திறந்து வைப்பீங்களோன்னு பயந்தேன்."

"திறந்துட்டேன்," என்றார் அவர். டாக்டர், டேங்க், கறுத்துப்போன பொடி, மெமோ என்று எல்லாவற்றையும் கொட்டினார். அவள் சிரிக்கத் தொடங்கினாள். பக்கத்திலிருந்த தங்கைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவருக்குத் தோன்றியது. சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அப்ப நான் சொல்லி அனுப்பினப்ப உங்களுக்குச் சந்தோஷமே வரலையா?"

"வந்துதே."

"எதுக்கு?"

"பெட்ரோலுக்கு."

அவள் குரல் தணிந்து வந்தது. "சரி. இப்ப எனக்காக ஒரு தடவை சந்தோஷப்படுங்க."

இதோ படுகிறேன் என்று சொல்லத்தான் அவர் வாயெடுத்தார். சத்தம் வரவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். மேடம் ஜன்னலுக்கு வெளியே டவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ வாக்கி-டாக்கியை அணைத்துவைத்தார்.

"ம், கேக்குது," என்றாள் மனைவி.