சும்மா கொடுத்த சென்சார்

அன்றைக்கு ஷோரூமில் இருந்தவர்கள்: என் அக்கா பாண்டிச்செல்வி, வல்லம் வடகாலில் மெஸ் நடத்துகிறவள். அவள் புருஷன் ஐயனார், எனக்கு அத்தான், பதினோரு வருடம் பிரஸ் ஷாப்பில் தகடு அடித்தவர். வண்டி விற்கும் நிவாஸ், ஸ்ரீபெரும்புதூர்க்காரன், இஸ்திரி கலையாத சட்டை. யார்டில் வண்டிகளை எடுத்து நிறுத்தும் பலராமன். கடைசியாக நான், இசக்கிதுரை. இருபது மாதம் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு ஒரு விடியற்காலையில் அடையாள அட்டையை கேட்டில் கொடுத்துவிட்டு வந்தவன். அப்போது எனக்கு வேலை இல்லை.

2013, ஆவணி மாதம். மூன்று வேளையும் மூன்று ஹாஸ்டல்களுக்குச் சோற்று அண்டாக்களை வாடகை ஆட்டோவில் ஏற்றி இறக்கி அக்காவுக்கு அலுத்துவிட்டது. சொந்தமாக ஒரு சின்ன பிக்கப் வண்டி வாங்கலாம், அத்தான் ஓட்டட்டும் என்று முடிவானது. அதை நம்பித்தான் அத்தான் கம்பெனி வேலையை விட்டிருந்தார்.

அத்தானுக்குக் காது பாதி போய்விட்டது. முழுச் செவிடு இல்லை. பேச்சு கேட்கும், லாரி ஹார்ன் கேட்கும். கீச்சென்று மெல்லிசாக வரும் எதுவும் கேட்காது. செல்போன் மணி, குக்கர் விசில் எல்லாம் அவருக்கு இல்லை. பிரஸ் மெஷின் பக்கத்தில் அத்தனை வருடம் நின்றால் அப்படித்தான் ஆகும்.

வருடத்துக்கு ஒரு தடவை கம்பெனிக்குள் ஒரு வேன் வரும். ஹெட்போனை மாட்டி உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். தேறாதவனை பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே ஓ.டி. காசு கிடையாது. அத்தான் உட்காரும் இடத்துக்கு எதிரே வேனின் ஜன்னல் கண்ணாடி. அதில் பரிசோதிக்கிற பெண்ணின் முழங்கை தெரியும். முழங்கை அசையும்போதெல்லாம் அத்தான் பொத்தானை அமுக்கினார். கடைசி மூன்று வருடமும் அப்படித்தான் தேறினார். கடைசி வருடம் நானும் அங்கேதான் வேலையில் இருந்தேன். வண்டிப் பேச்சு வந்தபோது என்னிடம் மட்டும் சொன்னார். "ஒங்கக்காளுக்குத் தெரிஞ்சா வண்டியத் தொட விடமாட்டா."

அது உண்மைதான் என்று நானும் நினைத்தேன். முந்தின வாரம் வெங்காயம் உரித்துக்கொண்டே அக்கா என்னிடம் சொல்லியிருந்தாள், "அவுகளுக்குச் சரிப்படலைன்னா நீ ஓட்டுல. லைசென்ஸ் வச்சிருக்கேல்லா." ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை எனக்கு. அத்தான் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டு இருப்பார். அதை நான் யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு நாள் யோசித்தேன்.

நிவாஸ் ஒரு வழவழப்பான அட்டையை மேஜையில் விரித்தான். வண்டியோடு வருவது ஒரு பக்கம், தனியாக வாங்கிப் போட்டுக்கொள்வது இன்னொரு பக்கம். ஏசி, பாட்டுப் பெட்டி, ஜி.பி.எஸ்., பின்பக்க கேமரா, ரிமோட் பூட்டு, பனி விளக்கு. அக்கா வரும்போதே தீர்மானமாக இருந்தாள்: இரண்டுக்கு மேல் முடியாது.

"ஜி.பி.எஸ். போட்டுக்கோங்க மேடம். சார் எங்க இருக்கார்னு நீங்க வீட்ல இருந்தே போன்ல பாத்துக்கலாம்."

"அவுக எங்க இருப்பாகன்னு எனக்குத் தெரியாதா? டீக்கடையில இருப்பாக. அதுக்கு ஒரு மிஷினு வேற."

"பாட்டு?"

"டிரைவரு பாட்டுக் கேட்டா சாம்பார் யாரு பாக்கது? வேண்டாம்."

"ஏசி சார்?" நிவாஸ் அத்தான் பக்கம் திரும்பினான்.

"எனக்கு எதுக்கு? வேர்வை எனக்குப் பழக்கம்" என்றார் அத்தான். ஏசி போட்டால் கண்ணாடியை ஏற்றவேண்டும், ஏற்றினால் வெளியே கேட்கிற கொஞ்சமும் கேட்காது. அது எனக்குப் புரிந்தது.

நிவாஸ் அட்டையைத் திருப்பினான். "இந்த மாசம் ஒரு ஆஃபர். ரிவர்ஸ் சென்சார் ஃப்ரீ. பின்னாடி ஏதாவது இருந்தா உள்ள பீப் பீப்னு சத்தம் வரும். கிட்ட வந்துட்டா நிக்காம அடிக்கும். அப்ப பிரேக் பிடிச்சா போதும்."

"அது போதும்" என்றார் அத்தான் உடனே. "சென்சாரு இருக்கப்போ கேமரா எதுக்கு? வீண் செலவு."

அவர் ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியும். சும்மா கிடைப்பதை வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். வேனில் அமுக்கியது மாதிரி இங்கேயும் அமுக்கிவிடலாம் என்று நினைத்தார். ஆனால் இங்கே கண்ணாடியில் முழங்கை தெரியாது.

"ஒரு தடவை ஓட்டிப் பாருங்க சார். தம்பி பின்னாடி நிக்கட்டும், எப்படி வேலை செய்யுதுன்னு தெரியும்" என்றான் நிவாஸ்.

யார்டில் வெயில் தகித்தது. சிமெண்டுத் தரையில் வெள்ளை நிற டெமோ வண்டி. அத்தான் ஏறி உட்கார்ந்தார், பக்கத்தில் பலராமன். நான் மதில் சுவரை ஒட்டி நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு சாண் இடம்தான். அக்காவும் நிவாஸும் வலப்பக்கம் தள்ளி, தகரக் கொட்டகை நிழலில்.

வண்டி பின்னால் வந்தது. அத்தான் நன்றாகத்தான் ஓட்டுவார், நேராக வந்தார். ஜன்னல் திறந்திருந்ததால் எனக்கே கேட்டது. பீப். பீப். பிறகு பீப்பீப்பீப். அப்புறம் இடைவெளி இல்லாமல் ஒரே கத்தல். வண்டி நிற்கவில்லை.

நான் நகர்ந்திருக்கலாம். இடப்பக்கம் இடம் இருந்தது. நகர்ந்தால் எல்லாருக்கும் தெரிந்துபோகும். நகரவில்லை. தைரியம் ஒன்றும் இல்லை. பம்பர் என் முட்டியைப் பார்த்து வந்துகொண்டே இருந்தது.

அப்போது அக்கா நிழலைவிட்டு வெயிலுக்கு வந்தாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்தாள்.

பிரஸ் ஷாப்பில் யாரும் வாயால் பேச முடியாது. எல்லாம் கை பாஷை. வயிற்றைத் தடவினால் சாப்பாடு. ஹெல்மெட்டைத் தட்டினால் ஷிப்ட் முடிந்தது. தலைக்கு மேலே மணிக்கட்டைக் குறுக்கே வைத்தால் நிறுத்து, ஆள் உள்ளே கை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். அதைப் பார்த்தால் யோசிக்கமாட்டோம், கால் தானாக மிதிக்கும். பக்கக் கண்ணாடியில் அத்தான் பார்த்திருக்கவேண்டும். வண்டி குலுங்கி நின்றது. பம்பருக்கும் என் முட்டிக்கும் நடுவில் நாலு விரல் வைக்கலாம்.

பலராமன் இந்தப் பக்கம் குதித்தான். "இன்னா சார் நீ! அது பாட்டுக்குக் கத்திக்கினே கீது, நீ பாட்டுக்கு வந்துகினே கீற. காது இன்னா செவுடா?"

அத்தான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தார். முகம் காது மடல் வரைக்கும் கறுத்துவிட்டது.

"நான்தான் கிட்ட வரச் சொன்னேன்" என்றாள் அக்கா. "பம்பர் எம்புட்டுத் தூரத்துல நிக்கும்னு பாக்கணும்லா? எங்க மெஸ் சந்து ஓங்க யார்டு மாதிரியா இருக்கு?"

"அதுக்குன்னு தம்பியையாமா வெச்சிப் பாப்ப?"

"அவன் சும்மாதான இருக்கான். வேலைவெட்டி இல்ல."

பலராமன் சிரித்துவிட்டான். நிவாஸும் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் வாழ்நாளில் பிரஸ் ஷாப்புக்குள் கால் வைத்ததில்லை.

மேஜைக்குத் திரும்பினோம். அக்கா அட்டையை இழுத்து வைத்து விரலால் குத்தினாள். "இந்தக் கேமராவப் போடுங்க. அந்தச் சென்சாருச் சவம் வேண்டாம், கீ கீன்னு. எனக்கு மண்டையிடி வரும்."

"மேடம், அது ஃப்ரீ! வண்டியில நீங்க போகப் போறதே இல்லையே, சார்தானே?"

"நானும் போவேன். கேமராவுல பின்னாடி அண்டா சிந்துதான்னு பாத்துக்கிடுவேன்."

"அதுல அண்டா தெரியாது மேடம். ரோடுதான் தெரியும்."

"அப்ப ரோட்டப் பாத்துக்கிடுதேன். ஒங்களுக்கு என்ன?"

நிவாஸ் பேனாவை மூடித் திறந்தான். "சும்மா குடுக்கறத வேணாம்னு சொல்ற முதல் கஸ்டமர் நீங்கதான்." கேமராவை எழுதிக்கொண்டான். "இன்னொன்னு?"

"அந்த ரிமோட்டு பூட்டு. பூட்டினா எப்படித் தெரியும்?"

அவன் சாவியை டெமோ வண்டியைப் பார்த்து அமுக்கினான். கீக் என்று ஒரு சத்தம். நாலு மூலையிலும் மஞ்சள் விளக்கு மின்னியது.

"வெளக்கு எப்பவும் எரியுமா?"

"எப்பவும். பூட்டினா ஒரு தடவை, திறந்தா ரெண்டு தடவை."

"யாரு ஓட்டப் போறது, டெலிவரி பேப்பர்ல எழுதணும்" என்று நிவாஸ் கேட்டான். அத்தான் நிமிரவில்லை. அக்கா என் பக்கம் பார்க்கவே இல்லை.

"இவுகதான். ஐயனார்னு எழுதுங்க."

எனக்கு வரவிருந்த வேலை போனது. அதோடு ஏதோ ஒரு பாரமும் இறங்கியது. அதை நான் சரியாகப் பிரித்துப் பார்த்ததில்லை.

ஷேர் ஆட்டோ பிடிக்க ரோட்டோரமாக நடந்தோம். அக்கா முன்னால் போய்விட்டாள். அத்தான் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ சொன்னியால?"

"இல்ல அத்தான்."

"பொய் சொல்லாத."

"சொல்லணும்னு நெனச்சேன். சொல்லல."

கன்டெய்னர் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. "அடுப்படியில குக்கர் விசில் வந்தா கையக் காட்டுவா. மிக்சி ஓடுனா கையக் காட்டுவா. ஆரம்பத்துல வெளாட்டுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன், ஷாப்புல இப்படித்தான் பேசுவோம்னு. இன்னமும் வெளாடுதான்னு நெனச்சேன்" என்றார். "எத்தன வருசம்ல இது?"

முன்னால் அக்கா ஒரு ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துத் தன் தலையை இரண்டு தடவை தட்டிக் காட்டினாள். ஷிப்ட் முடிந்தது, வாருங்கள்.

பன்னிரண்டாம் நாள் வண்டி வந்தது. அத்தானே யார்டிலிருந்து ஓட்டி வந்தார். எங்கள் மெஸ் சந்து ஒரு வண்டி அகலம்தான், ரிவர்ஸில்தான் உள்ளே வந்தாகவேண்டும். நான் போய்ச் சந்தின் கடைசிச் சுவரை ஒட்டி நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. அவர் கழுத்தைத் திருப்பவே இல்லை. ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்த கையளவுத் திரையைப் பார்த்தபடி வந்து, எனக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினார்.

"வேட்டி அவுந்திருக்குல" என்று உள்ளேயிருந்து கத்தினார். "நல்லாத் தெரியுது."

குனிந்து பார்த்தேன். நான் பேண்ட் போட்டிருந்தேன்.

அக்கா மெஸ் வாசலில் கரண்டியோடு வந்து நின்று வயிற்றைத் தடவிக் காட்டினாள். அத்தான் இறங்கினார். கதவைச் சாத்தினார், இரண்டடி நடந்து, திரும்பி நின்று சாவியை அமுக்கினார். மஞ்சள் விளக்கு ஒரு தடவை மின்னியது. அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்.