யாரும் தின்னாத முட்டைக்கோஸ்

அக்காவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வேளாண் அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்து நிவாரண விண்ணப்பத்தைத் தம்பி வாசிக்க வாசிக்க, அந்தக் காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்து, எழுதினவன் வாயிலேயே திணிக்க வேண்டும் போலிருந்தது.

"ஊரடங்குல விக்க முடியாம அழிச்ச விளைச்சலுக்கு மட்டும்தான் பணமாம் அக்கா. அழிச்சதுக்குப் போட்டோ வேணுமாம்."

"நான் எங்கடா அழிச்சேன்?"

"அதான் வினையே."

ஊரடங்கு மாதத்தில் நோய் பயத்தால் சந்தையை இழுத்து மூடியிருந்தார்கள். அக்கா, தம்பி இருவர் வயலிலும் முட்டைக்கோஸ் முற்றி வெடிக்க ஆரம்பித்தது. தம்பி எதிலும் முந்திக்கொள்கிற ஆள். டிராக்டரை விட்டு மடக்கி உழுதான். உழுத கையோடு போனில் நாலு படமும் எடுத்து வைத்தான். அக்காவுக்கு மனசு வரவில்லை. ஆள் வைத்து அறுத்து, பழுத்த மேலிலையை உரித்து, வண்டியில் ஏற்றி, வேலை போய் வீட்டில் அடைந்து கிடந்தவர்களின் தெருக்களில் வாசல் வாசலாக வைத்துவிட்டு வந்தாள். அறுப்புக்கூலி, டீசல் எல்லாம் அவள் கைக்காசு. இப்போது பார்த்தால், மண்ணோடு மண்ணாக்கியவனுக்கு நஷ்டஈடாம், ஊர் வயிற்றை நிரப்பியவளுக்கு ஒன்றும் இல்லையாம். இதை யோசித்த மகராசன் ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்திருக்க மாட்டான், சத்தியமாக.

வெள்ளிக்கிழமைக்குள் குத்தகை கட்டாவிட்டால் வயல் வேறு ஆளுக்குப் போய்விடும். உவர் மண்ணாகக் கிடந்ததைப் பத்து வருடம் எருவடித்துத் தேற்றியவள் அவள்.

தம்பி குரலைத் தாழ்த்தினான். "என் போட்டோல ரெண்ட நீ வச்சுக்க. கோஸ் மேல என்ன பேரா எழுதியிருக்கு?"

"என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?"

"உண்மையச் சொல்லிட்டு நடுத்தெருவுல நில்லு. யாரு வேணாங்கறா?"

அவனை அறையத்தான் தோன்றியது. அறையவில்லை. எழுந்து, அவன் நீட்டிய இரண்டு படங்களையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அதிகாரி படங்களைப் புரட்டினார். "விக்கவும் இல்ல, யாருக்கும் சும்மா குடுக்கவும் இல்ல. எல்லாத்தையும் அழிச்சாச்சு. அப்படித்தானம்மா?"

"ஆமா சார்."

கையெழுத்துப் போட்டாள். அதிகாரி முத்திரையை எடுத்த நேரம், தரை துடைக்க வாளியோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். அக்காவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அக்கா! எங்க தெருவுக்கு வண்டி நிறைய கோஸ் கொண்டாந்தது நீங்கதானே? அந்த மாசம் எங்க வீட்டுல உலை வச்சதே உங்களாலதான்க்கா. புள்ளைங்க இன்னும் உங்களைச் சொல்லுதுங்க."

அதிகாரியின் கை அந்தரத்தில் நின்றது. கதவோரம் நின்ற தம்பி தன் செருப்பையே பார்த்தான்.

"நான் யாருக்கும் எதுவும் குடுக்கல," என்றாள் அக்கா. "வேற யாரையாவது பாத்திருப்ப. போய் வேலையப் பாரு."

சொன்ன சூடு அறைக்கே உறைத்தது. அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று.

"மன்னிச்சுக்கங்கம்மா. ஆள் தெரியாம பேசிட்டேன்."

குனிந்து துடைக்க ஆரம்பித்தாள். முத்திரை இறங்கியது. வயல் பிழைத்தது. அந்தப் பெண் துடைத்துக்கொண்டே அக்காவின் காலருகே வந்து, "கொஞ்சம் நகந்துக்கங்கம்மா," என்றாள். அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.