வடிதாளில் தங்கின பச்சை

என் வாயைத்தான் தைக்கணும். தம்பி அவன் மீன் குளத்துலேர்ந்து மூணு பாட்டில் தண்ணி கொண்டுவர்றேன்னுதான் சொன்னான். இன்னிக்கு ஒண்ணு, அடுத்த வாரம் ஒண்ணு, மழைக்கப்புறம் ஒண்ணு. "போடா, ஒண்ணு போதும். இருபது வருஷமா இந்த லேப்ல தண்ணிதானே பாக்கறேன்"னு நான்தான் அடக்கினேன். அவ்வளவு மிதப்பு எனக்கு.

அவன் பார்த்த வேலையை உதறிட்டு வெட்டின குளம் அது. முதல் தடவை மீன் பிடிக்க இன்னும் ஒரே மாசம். மீன் வளரவே மாட்டேங்குதுக்கா, தண்ணியில சத்து இருக்கா பாருன்னு வந்து நின்னான்.

பாட்டில் பச்சைப்பசேல்னு இருந்தது. எப்பவும்போல வடிதாளில் வடிகட்டினேன். பாசியெல்லாம் தாளிலேயே தங்கிடுச்சு. அதைக் கசக்கிக் குப்பைக்கூடையில போட்டேன். தெளிஞ்ச தண்ணியில மருந்தைச் சொட்டினேன். பாஸ்பேட் சத்து இருந்தா நீலமாகணும். ஆகவே இல்லை.

"உன் குளம் பட்டினி கிடக்குடா. உரம் போடு."

"டாக்டரம்மா சொன்னா சரி"ன்னு சிரிச்சான். நான் எழுதிக் கொடுத்த தாளை மோட்டார் ரூம் சுவத்துல ஒட்டிவெச்சான். சொன்னபடி உரம் போட்டான்.

பாசி கூழா தடிச்சுது. அப்புறம் ரெண்டு நாள் வெயிலே இல்லை, அத்தனையும் ஒரேயடியா செத்து அழுகிப்போச்சு. தண்ணியில மீன் மூச்சுவிடக் காத்தில்லை. மூணாம் நாள் காலையில போன் வந்தது. "அக்கா, உடனே குளத்துக்கு வா"ன்னான்.

கரை முழுக்க மீன் மல்லாந்து கிடந்தது. தம்பி பெண்டாட்டி கூடை கூடையா அள்ளிட்டிருந்தா, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கலை. எனக்கு அங்கேதான் உறைச்சுது. சத்து முழுக்கப் பாசி தின்னு வயித்துல வெச்சிருந்திருக்கு. அதைத்தான் நான் கசக்கிப் போட்டேன். மிச்சத் தண்ணியைப் பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னு எழுதினேன். அவன் சொன்ன மூணு பாட்டிலைப் பார்த்திருந்தா ஒண்ணாவது என் தப்பைக் காட்டிக்கொடுத்திருக்கும். பச்சையைக் கண்ணால பார்த்தேனே, பாவி!

"என் தப்புடா"ன்னேன்.

"விடுக்கா. உன் தாள்ல தப்பு வராது. நான்தான் உரத்தைக் கூட்டிப் போட்டுட்டேன்போல."

அவன் கூட்டியெல்லாம் போடலை. கத்தியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

முழங்கால் தண்ணியில இறங்கினான். செத்த மீனைக் கையால ஒதுக்கிட்டு ஒரு பாட்டிலை முக்கி எடுத்தான். மூடியை இறுக்கி, சட்டையில துடைச்சு என்கிட்ட நீட்டினான்.

"இதையும் பார்த்துச் சொல்லுக்கா. ஒண்ணு போதும்ல?"